உயிரணுவின் வாசலில் ஒரு கதவு

மாலை நேரம். விளையாட்டுத் திடலில் எறிபந்து ஆட்டம் மும்முரமாக நடக்கிறது. பந்தைப் பிடிக்க ஓடிய தோழி ஒருத்தியின் உள்ளங்காலில் முள் ஒன்று தைத்து விடுகிறது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் ஆட்டத்தைத் தொடர்கிறாள். இரவில் படுக்கும்போது அந்த இடம் சிவந்து, சற்றே வீங்கி, தொட்டால் சுடுகிறது. மறுநாள் வலி குறைகிறது. மூன்றாம் நாள் முள் தைத்ததையே அவள் மறந்து போகிறாள்.

அந்த மூன்று நாட்களில் அவள் காலில் ஒரு போர் நடந்து முடிந்திருக்கிறது. முள்ளோடு உள்ளே நுழைந்த கிருமிகளை இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் தேடி வந்து அழித்திருக்கின்றன. இதை நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆயினும் ஒரு கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. உடல் முழுவதும் சுற்றிவரும் இரத்தத்தில் மிதந்து செல்லும் வெள்ளை அணுவுக்கு, "உள்ளங்காலில் முள் தைத்திருக்கிறது, அங்கே வா" என்று சொன்னது யார்? கண்ணும் காதும் இல்லாத அந்த அணு வழி கண்டது எப்படி?

இக்கேள்விக்கு விடை தேடிச் சென்ற விஞ்ஞானிகள் வெள்ளை அணுவின் வாசலில் சில நுண்ணிய கதவுகளைக் கண்டனர். அவற்றுள் ஒன்றின் பெயர் சி.சி.ஆர்.5. நம்மைக் காக்கவென்று அமைந்த அக்கதவின் வழியாகவே ஒரு கொடிய நோய் உள்ளே நுழைந்தது. அக்கதவு இல்லாமற் பிறந்த சிலர் அந்நோயிலிருந்து தப்பினர். அப்படிப் பிறந்த ஒருவர் தந்த கொடையால் சாகக் கிடந்த வேறொருவர் பிழைத்தார். இவ்வளவும் நிகழ்ந்தபின், பிறவாத குழந்தைகளிடமிருந்து அக்கதவைப் பறிக்க ஒரு விஞ்ஞானி துணிந்தார். இந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

அழைப்பு அனுப்பும் முறை

சமையலறையில் சர்க்கரை டப்பாவின் மூடியைச் சரியாக மூடாமல் விட்டால், மறுநாள் காலையில் எறும்புகள் வரிசையாக வந்து நிற்கும். எறும்புக்கு யாரும் கடிதம் போடவில்லை. ஒரு வாசனை எந்தப் பக்கம் மிகுதியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் அது நகர்கிறது. வெள்ளை அணுக்களும் ஏறத்தாழ இம்முறையையே பின்பற்றுகின்றன.

உடலில் ஓரிடத்தில் காயமோ கிருமித் தொற்றோ ஏற்பட்டால், அங்குள்ள உயிரணுக்கள் சிறிய புரதங்களைச் சுரந்து வெளியே விடுகின்றன. இப்புரதங்களுக்குக் கீமோகைன்கள் என்று பெயர். வேதிப்பொருள் என்பதைக் குறிக்கும் சொல்லும், அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்து உருவான பெயர் இது. மனித உடலில் ஏறத்தாழ ஐம்பது வகைக் கீமோகைன்கள் உள்ளன. காயத்திற்கு அருகில் இவை அடர்ந்தும், விலகிச் செல்லச் செல்ல அருகியும் பரவியிருக்கும்.

இரத்தக் குழாயில் வேகமாகச் சென்றுகொண்டிருக்கும் வெள்ளை அணு இந்த அழைப்பை உணர்ந்ததும் குழாயின் உட்சுவரில் ஒட்டி நிற்கிறது. பின்னர்ச் சுவரின் செல்களுக்கு இடையே தன் உடலை நெருக்கிக்கொண்டு வெளியேறி, கீமோகைன் எந்தத் திசையில் மிகுதியோ அந்தத் திசையில் ஊர்ந்து செல்கிறது. காயம்பட்ட இடம் சிவப்பதும் வீங்குவதும், கூடுதல் இரத்தமும் நீரும் வெள்ளை அணுக்களும் அங்கே வந்து சேர்வதன் அடையாளங்கள்.

கதவின் அமைப்பு

வாசனை இருந்தால் மட்டும் போதாது. அதை உணர மூக்கு வேண்டும். வெள்ளை அணுவின் மேலுறையில் கீமோகைனை ஏற்றுக்கொள்ளும் தனிப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. இவற்றை ஏற்பிகள் என்கிறோம். மனிதருக்குச் சுமார் இருபது வகைக் கீமோகைன் ஏற்பிகள் உண்டு. சி.சி.ஆர்.5 அவற்றுள் ஒன்று. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து அமைந்த கீமோகைன்களுக்குச் சி.சி. என்று பெயர். அக்குழுவின் ஏற்பிகளில் ஐந்தாவதாக எண்ணிடப்பட்டது இது. 1996ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர்கள் உள்ளிட்ட சில குழுவினர் இதன் மரபணுவை இனங்கண்டு வெளியிட்டனர்.

மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்பதற்கான எழுத்துக் குறிப்பு. நம் ஒவ்வோர் உயிரணுவிலும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன அல்லவா? சி.சி.ஆர்.5 புரதத்திற்கான மரபணு மூன்றாவது குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி என ஒவ்வொருவரும் இரண்டு படிகள் பெறுகிறோம்.

இந்த மரபணு சொற்படி உருவாகும் புரதம் 352 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அது மேலுறையில் பதிந்திருக்கும் விதம் அழகானது. தையல் வகுப்பில் துணியில் ஓட்டுத் தையல் போடும்போது, நூல் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் மாறி மாறிச் செல்கிறது. அதுபோல இப்புரதச் சங்கிலி உயிரணுவின் மேலுறையை ஏழு முறை ஊடுருவிச் செல்கிறது. நூலின் ஒரு நுனி உயிரணுவுக்கு வெளியே இருக்கிறது. மறு நுனி உள்ளே இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியும் வளையங்களும் கீமோகைனைப் பற்றிக்கொள்ளும். சி.சி.எல்.3, சி.சி.எல்.4, சி.சி.எல்.5 என்னும் மூன்று கீமோகைன்கள் இதை நாடி வருபவற்றுள் முக்கியமானவை.

கீமோகைன் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சிறிது மாறுகிறது. அந்த மாற்றம் உள்ளே இருக்கும் ஜி புரதம் என்னும் ஏவலாளைத் தூண்டுகிறது. ஒன்று மற்றொன்றைத் தூண்ட, உயிரணுவின் உட்சட்டகம் கலைந்து மறுபடி கட்டப்பட்டு, அந்த அணு முன்பக்கம் நீண்டு நகரத் தொடங்குகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீமோகைன் உயிரணுவின் உள்ளே போவதற்காக வருவதில்லை. தபால்காரர் கதவைத் தட்டிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திண்ணையோடு திரும்புவது போல, அது செய்தியை மட்டும் தருகிறது. நோய் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கும் டி அணுக்களில் ஒரு பகுதியிலும், கிருமிகளை விழுங்கும் பேரணுக்களிலும், மூளையின் காவல் அணுக்களிலும் இந்தக் கதவு உண்டு.

திருடன் தட்டிய கதவு

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இளம் வயதினர் சிலர் வழக்கத்திற்கு மாறான நுரையீரல் நோயால் மாண்டனர். அவர்கள் உடலில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமற் போயிருந்தது. அந்நோய்க்கு எய்ட்ஸ் என்று பெயரிட்டனர். 1983ல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் அதன் வைரசைக் கண்டறிந்தனர். அக்கண்டுபிடிப்பில் பெரும்பங்கு வகித்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி என்ற பெண்மணி 2008ல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் இக்கிருமியை முதன்முதலில் கண்டறிந்தவர்களும் பெண்களே. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது, நோய் நம் நாட்டுக்குள் வந்துவிட்டது தெரிந்தது.

அந்நாட்களில் நோயாளிகள் பட்ட துன்பம் இரு மடங்கு. ஒன்று நோய், மற்றொன்று மனிதரின் அச்சம். உற்றார் கைவிட்டனர், சிலர் தொடவும் அஞ்சினர். 1985ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அன்னை தெரசா நியூயார்க் நகரில் இந்நோயாளிகளுக்காக "அன்பின் கொடை" என்ற பொருள்படும் பெயரில் ஓர் இல்லம் திறந்தார். மருந்து இல்லாத காலத்தில் கைப்பிடித்து அருகில் இருப்பதும் ஒரு மருந்தாயிற்று.

எச்.ஐ.வி. எனப்படும் இவ்வைரஸ் உயிரணுவுக்குள் நுழைந்தால்தான் பெருக முடியும். டி அணுவின் மேலுள்ள சி.டி.4 என்னும் புரதத்தை அது முதலில் பற்றுகிறது என்பது 1984லேயே தெரிந்தது. ஆனால் மனிதரின் சி.டி.4 புரதத்தை எலியின் உயிரணுக்களில் உருவாக்கிப் பார்த்தபோது, வைரஸ் அதைப் பற்றிக்கொண்டதேயன்றி உள்ளே போகவில்லை. எனவே மனித அணுவில் இன்னொரு துணை இருக்க வேண்டும். அது எது? இந்த இரண்டாவது கதவைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேடினர்.

1995 டிசம்பரில் ஒரு துப்புக் கிடைத்தது. அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வுக்கூடத்தார், சில வெள்ளை அணுக்கள் சுரக்கும் மூன்று பொருட்கள் எச்.ஐ.வி.யைத் தடுப்பதைக் கண்டனர். அம்மூன்றும் மேலே கூறிய மூன்று கீமோகைன்களே! கடிதம் கொண்டுவரும் தபால்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் திருடனால் நுழைய முடியாது. அப்படியானால் திருடன் நுழைவதும் அதே வாசலாக இருக்க வேண்டும் என்று ஊகித்தனர். 1996ல் சில வாரங்களுக்குள் பல குழுக்கள் இதை உறுதிப்படுத்தின. வைரஸ் சி.டி.4ஐப் பற்றி, வடிவம் மாறி, சி.சி.ஆர்.5ஐப் பிடித்து, தன் உறையை உயிரணுவின் உறையோடு இணைத்து உள்ளே நுழைகிறது. சில வைரஸ்கள், குறிப்பாக நோய் முற்றியபின், சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் வேறொரு கீமோகைன் ஏற்பியையும் பயன்படுத்துகின்றன. ஆயினும் புதிதாகத் தொற்றும்போது பெரும்பாலும் நுழைவாயில் சி.சி.ஆர்.5 தான்.

நோய் தீண்டாத மனிதர்

நியூயார்க்கில் ஸ்டீபன் க்ரோன் என்று ஓர் ஓவியர் இருந்தார். அவருடைய மிக நெருங்கிய நண்பர் 1982ல் இந்நோயால் இறந்தார். அதன்பின் அவருக்கு அறிமுகமானவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அடுத்தது தானே என்று அவர் காத்திருந்தார். ஆண்டுகள் கடந்தன, நோய் வரவில்லை. "எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்ற கேள்வி அவரை வாட்டியது. அவர் மறைந்து கொள்ளவில்லை. தம் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும்படி மருத்துவர்களிடம் தாமே சென்றார். நியூயார்க்கின் ஆரன் டயமண்ட் எய்ட்ஸ் ஆய்வு மையத்தில் அவருடைய டி அணுக்களின்மேல் வைரசை மிகுதியாக விட்டுப் பார்த்தனர். தொற்றவே இல்லை.

1996 ஆகஸ்டில் காரணம் வெளியாயிற்று. அவருடைய சி.சி.ஆர்.5 மரபணுவின் இரண்டு படிகளிலும் 32 எழுத்துக்கள் இல்லை. அதே சமயத்தில் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் வேறு குழுக்கள் இதே குறையைக் கண்டறிந்தன. இதை டெல்டா 32 என்கின்றனர்.

32 எழுத்துக்கள் போனால் என்ன ஆகும்? மரபணு மொழியில் எல்லாச் சொற்களும் மூன்று எழுத்துச் சொற்கள். அதைத் தமிழில் இப்படி எழுதிப் பார்ப்போம்:

இன்று பள்ளி உண்டு பாட்டு உண்டு.

இதில் "பள்" என்ற இரண்டு எழுத்துக்களை மட்டும் நீக்கிவிட்டு, மறுபடியும் மும்மூன்று எழுத்தாகவே படிப்போம்:

இன்று ளிஉண் டுபாட் டுஉண் டு.

நீக்கிய இடத்திற்குப் பின் வரும் எல்லாமே குழம்பிவிட்டன. 32 என்பது மூன்றால் மீதியின்றி வகுபடாத எண். வகுத்தால் இரண்டு மிஞ்சும். ஆகவே மரபணுவிலும் இதே குழப்பம் நிகழ்கிறது. போதாததற்கு, நடுவிலேயே "நிறுத்து" என்ற கட்டளை வந்துவிடுகிறது. 352 அமினோ அமிலங்களோடு முடிய வேண்டிய புரதம் 215இல் அரைகுறையாக முடிந்து, உயிரணுவின் மேற்பரப்புக்கு வராமலே போகிறது. வாசலில் கதவு இல்லை. அந்த இடத்தில் வெறும் சுவர். திருடன் தட்டுவதற்கு எதுவும் இல்லை.

வட ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இரண்டு படிகளிலும் இக்குறை உண்டு. பத்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் ஒரு படியில் மட்டும் இக்குறையுடையோர். ஒரு படி மட்டும் குறைந்தவருக்கு நோய் தொற்றலாம். ஆனால் பொதுவாக மெதுவாக முற்றுகிறது. ஆப்பிரிக்கரிடமும் கிழக்காசிய மக்களிடமும் இது இல்லை என்றே சொல்லலாம். இந்தியரிடம் மிக அரிது. எச்.ஐ.வி. மனிதரிடம் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். டெல்டா 32 அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. எனவே எய்ட்ஸ் நோயிலிருந்து காப்பதற்காக இது உருவானதன்று என்பது தெளிவு. இரண்டு படியிலும் குறையுடையவருக்கும் முழுக் காப்பு இல்லை. சி.எக்ஸ்.சி.ஆர்.4 வழியே நுழையும் வைரஸ் அவர்களையும் தாக்கியதுண்டு.

க்ரோன் 2013ல் மறைந்தார். துயரத்தில் தனித்து நின்ற ஒரு மனிதர் தம் கேள்வியை மறைக்காமல் மருத்துவர்முன் வைத்ததால் உலகத்திற்கு ஓர் உண்மை கிடைத்தது.

அறுபத்தொன்றாவது கொடையாளர்

டிமோத்தி ரே பிரவுன் என்ற அமெரிக்கர் ஜெர்மனியின் பெர்லின் நகரில் வாழ்ந்து வந்தார். 1995ல் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. மாத்திரைகளால் அது கட்டுக்குள் இருந்தது. 2006ல் அவரை இரத்தப் புற்றுநோய் வேறு தாக்கிற்று. வேறு வழியில்லாத நிலையில், இன்னொருவரின் இரத்தத்தை உண்டாக்கும் மூல உயிரணுக்களை அவர் உடலில் செலுத்த வேண்டியதாயிற்று. ஸ்டெம் செல் என்று நாம் கேள்விப்படுவது இவற்றைத்தான்.

அவருக்கு மருத்துவம் செய்த டாக்டர் கெரோ ஹுட்டர் எய்ட்ஸ் நிபுணர் அல்லர். இரத்த நோய் மருத்துவர். ஆனால் 1996ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பைப் பற்றி அவர் படித்திருந்தார். எப்படியும் ஒருவரிடமிருந்து மூல உயிரணுக்களைப் பெற வேண்டும். அவர் டெல்டா 32 உடையவராக இருந்தால் இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாகுமே என்று சிந்தித்தார். பிரவுனுக்குப் பொருந்தக்கூடிய கொடையாளர்கள் எண்பது பேர் பதிவேட்டில் இருந்தனர். ஒவ்வொருவராகச் சோதித்து வந்தனர். அறுபத்தொன்றாவது கொடையாளரிடம் இரண்டு படியிலும் அந்தக் குறை இருந்தது!

2007 பிப்ரவரியில் முதல் மாற்றுச் சிகிச்சை நடந்தது. புற்றுநோய் திரும்பவே, 2008ல் அதே கொடையாளரின் உயிரணுக்களைக் கொண்டு மறுபடியும் செய்தனர். எச்.ஐ.வி. மாத்திரைகளை நிறுத்திய பின்னரும் வைரஸ் திரும்பி வரவில்லை. எச்.ஐ.வி.யிலிருந்து முழுவதும் குணமடைந்த முதல் மனிதர் என்று உலகம் அவரைப் போற்றிற்று. 2020 செப்டம்பரில் புற்றுநோய் திரும்பி வந்து, தம் 54ஆம் வயதில் அவர் காலமானார். அப்போதும் எச்.ஐ.வி. அவர் உடலில் திரும்பவில்லை. லண்டனில் சிகிச்சை பெற்ற ஆதாம் காஸ்டியேகோ முதலிய இன்னும் சிலரும் பின்னர் இவ்வாறு குணமடைந்தனர்.

இது எல்லா எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் ஏற்ற வழியன்று. உயிருக்கே ஆபத்தான கடும் சிகிச்சை இது. புற்றுநோய்க்காக வேறு வழியின்றிச் செய்வது. ஆனால் இதே அறிவிலிருந்து எளிய பயன் ஒன்றும் விளைந்தது. சி.சி.ஆர்.5இல் பொருந்தி, வைரஸ் அதைப் பிடிக்க முடியாதபடி செய்யும் மராவிரோக் என்ற மாத்திரை 2007ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கதவைப் பெயர்த்தெடுக்காமல் தாழ்ப்பாள் போட்டு வைப்பது போன்றது இது. இன்று பலவகைக் கூட்டு மருந்துகளை நாள்தோறும் உட்கொள்வோர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர். தாய்க்கு நோய் இருந்தாலும் முறையான மருத்துவத்தால் குழந்தைக்குத் தொற்றாமல் பெரும்பாலும் தடுக்க முடிகிறது.

அந்த அறுபத்தொன்றாவது மனிதரின் பெயரை உலகம் அறியாது. முன்பின் தெரியாத ஒருவருக்காகப் பதிவேட்டில் தம் பெயரைக் கொடுத்திருந்தார். அழைப்பு வந்தபோது இரண்டு முறையும் சென்றார். அவ்வளவுதான் அவரைப்பற்றி நாம் சொல்லக்கூடியது.

கதவு வேண்டாத ஒன்றா?

இவ்வளவையும் படித்தபின், "அப்படியானால் சி.சி.ஆர்.5 இல்லாதிருப்பதே நல்லது போலும்" என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கேதான் நிதானம் தேவை. முள் தைத்த காலை மறந்துவிட வேண்டாம். கதவு இருப்பது செய்தி கேட்பதற்காக.

கொசுக்களால் பரவும் வெஸ்ட் நைல் காய்ச்சல் என்று ஒரு நோய் உண்டு. அதன் வைரஸ் சில சமயம் மூளையைத் தாக்கும். அப்போது வெள்ளை அணுக்கள் மூளைக்கு விரைந்து சென்று போரிட வேண்டும். அவற்றை அங்கே அழைத்துச் செல்வதில் சி.சி.ஆர்.5 பங்கு கொள்கிறது. இந்த மரபணு இல்லாத எலிகள் அந்நோயில் மிகுதியாக மடிந்தன. டெல்டா 32 இரண்டு படியிலும் உள்ள மனிதருக்கு அந்நோய் தொற்றினால் கடுமையாகத் தாக்கும் வாய்ப்பு அதிகம் என 2006ல் அமெரிக்க ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ஒரு நோய்க்குச் சுவராக இருப்பது மற்றொரு நோயில் வழியடைப்பாகிறது.

2019ல் இன்னொரு ஆய்வு வெளியாயிற்று. டெல்டா 32 இரண்டு படியிலும் உடையவர்கள் சற்று முன்னதாகவே இறக்கின்றனர் என்றது அது. நாளிதழ்களெல்லாம் அதைப் பெரிதாக வெளியிட்டன. ஆனால் கணக்கிட்ட தகவல்களில் பிழை இருப்பதைப் பிறர் சுட்டிக்காட்டினர். அதே ஆண்டு அக்டோபரில் ஆசிரியர்களே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். தவறை ஒப்புக்கொள்ளும் துணிவும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதி. தேர்வுத்தாளில் விடை தவறு என்று தெரிந்ததும் அடித்துவிட்டுத் திருத்தி எழுதும் மாணவி இதை எளிதில் புரிந்துகொள்வாள்.

குழந்தைகளின் வாசலில்

2018 நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஹெ ஜியான்குய் என்ற விஞ்ஞானி, கருநிலையிலேயே மரபணுவை வெட்டித் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துள்ளனர் என்று அறிவித்தார். அவர் வெட்டியது சி.சி.ஆர்.5 மரபணுவைத்தான். லூலூ, நானா என்ற புனைபெயர்களால் அக்குழந்தைகளை உலகம் அறிந்தது.

அவர்களுடைய தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தது. குழந்தைகளுக்கு அது வராமல் காக்கவே இதைச் செய்ததாக அவர் கூறினார். ஆனால் தந்தைக்குத் தொற்று இருந்தாலும் குழந்தைக்கு வராமல் தடுக்கும் வழிகள் அப்போதே இருந்தன. மேலும் ஒரு குழந்தைக்கு ஒரு படி மட்டுமே மாறியிருந்தது. மாற்றங்களும் இயற்கையில் காணும் டெல்டா 32ஐப் போன்றவை அல்ல. இதற்கு முன் எந்த மனிதரிடமும் சோதித்தறியப்படாதவை. உடலின் எல்லா உயிரணுக்களிலும் அவை ஒரே மாதிரி இருக்கும் என்ற உறுதியும் இல்லை. அம்மாற்றங்களை அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் வழிவழியாகக் கொடுக்கக்கூடும். உலகெங்கும் விஞ்ஞானிகள் இதைக் கண்டித்தனர். 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறையும் முப்பது லட்சம் யுவான் அபராதமும் விதித்தது.

இத்தகைய முயற்சிகளைப் பற்றித் திருச்சபை முன்பே எச்சரித்திருந்தது. 2008ல் வத்திக்கான் வெளியிட்ட "டிக்னிதாஸ் பெர்சோனே" என்னும் அறிவுரை இரண்டு வகையைப் பிரித்துக் காட்டுகிறது. நோயுற்ற ஒருவருடைய உடலின் உயிரணுக்களில் அவருடைய நோயைத் தீர்ப்பதற்காக மரபணு மருத்துவம் செய்வது கொள்கையளவில் ஏற்கத்தக்கது. வருங்காலச் சந்ததிக்குச் செல்லும் மாற்றத்தைச் செய்வது, அதன் தீங்குகள் பெரியவையாகவும் கட்டுக்கடங்காதவையாகவும் இருக்கும் இன்றைய நிலையில், ஏற்கத்தக்கதன்று.

பெர்லினையும் ஷென்ஜெனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மரபணு ஒன்றே. இரண்டிலும் எதிரி ஒன்றே. பெர்லினில் நோயாளிக்கு நோய் இருந்தது. அவர் அறிந்து சம்மதித்தார். கொடுத்தவர் விரும்பிக் கொடுத்தார். ஷென்ஜெனில் குழந்தைகளுக்கு நோய் இல்லை. அவர்களைக் கேட்க இயலாது. அவர்களுக்கு இறைவன் தந்திருந்த ஒன்று அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. ஓரிடத்தில் அறிவு ஒருவருக்குத் தொண்டு செய்தது. மற்றோரிடத்தில் இரண்டு குழந்தைகள் அறிவுக்குச் சோதனைப் பொருளாயினர்.

நாம் செய்ய வேண்டியது

அன்பு மாணவியரே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆய்வாளராகவும் ஆவீர்கள். மரபணுவைத் திருத்தும் கருவிகள் உங்கள் கைக்கு மிக எளிதாக வந்து சேரும். அப்போது "இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்பதோடு, "யாருக்காகச் செய்கிறேன்? அவர் சம்மதம் பெற்றேனா? என்ன இழக்கப் போகிறார்?" என்றும் கேட்கப் பழகுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் சோதனைச் சாலையில் தொடங்குவதில்லை. வகுப்பறையிலும் வீட்டிலுமே தொடங்குகிறது.

விஞ்ஞானம் படிக்காதவர்களும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எச்.ஐ.வி. ஒரே பெஞ்சில் அமர்வதால் தொற்றுவதில்லை. ஒரே பாத்திரத்தில் உண்பதால் தொற்றுவதில்லை. கை கோத்து விளையாடுவதாலும் கொசுக் கடியாலும் தொற்றுவதில்லை. அந்த வைரஸ் நுழையும் வழி எது என்பதை மேலே படித்தோம்; நட்பு அந்த வழியன்று. நம் ஊரில், நம் தெருவில், இந்நோயுள்ள குடும்பத்துப் பிள்ளை யாரேனும் இருந்தால், அப்பிள்ளையின் தோளில் கை போட அஞ்ச வேண்டாம். பெற்றோர்களும் இதைத் தங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம்.

இன்று மாலை ஆட்டத்தில் யாருக்கேனும் முழங்கால் சிராய்த்தால், மருந்திடும்போது சற்று நினைத்துப் பாருங்கள். அக்கணமே அங்கிருந்து அழைப்புப் புறப்பட்டுவிட்டது. எங்கோ ஓர் இரத்தக் குழாயில் போய்க்கொண்டிருந்த வெள்ளை அணு ஒன்று அதைக் கேட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. துன்பப்படும் உறுப்பின் அழைப்பைக் கேட்டு விரைவதற்காகவே இறைவன் அதன் வாசலில் அக்கதவை வைத்தார். நம் வாசலிலும் யாரேனும் தட்டும்போது எழுந்து செல்லும் மனத்தை அவர் நமக்கு அருள்வாராக.